மேக்ரோ லென்ஸும் ஒரு பாழாய்ப்போன ஸ்விட்ச்சும்

ரிப்பேருக்குப் போயிருந்த 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், அதாவது சின்னப் பொருள்களை மிக நெருக்கத்தில் படமெடுக்கிற லென்ஸ், ஒருவழியாகத் திரும்பி வந்துவிட்டது. வசந்தம் தொடங்கி, கொல்லையில் பூவும் பூச்சியுமாக இருக்கிற நேரம். நண்பர் ஒருவர் வேறு, "இதை வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். எஃப்/2.8 துவாரம், 1:1 உருப்பெருக்கம் (பொருளின் நிஜ அளவே சென்சாரில் விழுவது), கை நடுக்கத்தைச் சமாளிக்கிற ஸ்டெபிலைசேஷன் எல்லாம் அவருக்கே தெரியும். தெரியாததைச் சொல்கிறேன்.

லென்ஸின் பக்கவாட்டில், எந்தத் தூரத்தில் ஃபோகஸ் தேட வேண்டும் என்று வரம்பு வைக்கிற ஃபோகஸ் லிமிட்டர் ஸ்விட்ச் இருக்கிறது. முழு தூரம், 50 செ.மீ.க்குள், அதற்கு அப்பால் என மூன்று நிலைகள். யோசனை நல்லதுதான். இது இல்லாவிட்டால், ஒருமுறை ஃபோகஸ் தவறினால் லென்ஸ் கடைசி வரை ஓடித் திரும்பி வரும். அதற்குள் தேனீ அடுத்த செடிக்குப் போயிருக்கும். ஆனால் இடதுகைக் கட்டைவிரல் படுகிற இடத்திலேயே அதை வைத்திருக்கிறார்கள், அதுவும் தொளதொளவென்று. முழு தூரத்தில்தான் வைத்திருப்பேன். கூட்டுக்கு நார் கவ்விக்கொண்டு குருவி வேலியில் வந்து உட்காரும். கேமராவைத் திருப்பினால் ஃபோகஸ் ஆகாது. ஸ்விட்ச் தானாகவே கிட்டத்துக்கு நகர்ந்திருக்கும். குருவி நமக்காகக் காத்திருக்குமா?

இதை இறுக்கத்தான் ரிப்பேருக்கே அனுப்பினேன். கண்ணாடியைப் பளபளவென்று துடைத்து, 'நன்றாக இயங்குகிறது' என்று சீட்டு வைத்து அனுப்பியிருக்கிறார்கள். ஸ்விட்ச் அதே ஆட்டம்தான். இப்போது டேப் ஒட்டியிருக்கிறேன். நிலையை மாற்ற வேண்டுமானால் டேப்பை உரிக்க வேண்டும்.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். 1:1-இல் ஆட்டோஃபோகஸ் திணறுவதற்கு இந்த லென்ஸைக் குறை சொல்ல முடியாது. அந்த அளவு நெருக்கத்தில், எஃப்/8 வைத்தாலும் தெளிவாக விழுவது ஏறத்தாழ 1 மி.மீ. ஆழம்தான். நாம் மூச்சு விட்டாலே அது நழுவிவிடும். ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, உடம்பை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துத்தான் எடுக்க வேண்டும். எஃப்/16, எஃப்/22 என்று துவாரத்தைச் சுருக்கிக்கொண்டே போனால் ஆழம் கூடும், ஆனால் சின்னத் துவாரத்தில் ஒளி வளைந்து பரவுகிற டிஃப்ராக்ஷனால் படம் மசமசக்கும். வெளிச்சமும் பெரும்பாலான மேக்ரோக்களில் 1:1-இல் ஏறத்தாழ இரண்டு ஸ்டாப், அதாவது கால் பங்காகக் குறையும். ஒளியை மென்மையாக்குகிற டிஃப்யூசர் போட்ட சின்ன ஃபிளாஷ் இல்லாமல் வேலைக்கு ஆகாது.

ஆனால் அது காட்டுகிற உலகம் இருக்கிறதே! தேனீ என்று நினைத்து எடுத்த ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான்கு இறக்கைகளுக்குப் பதில் இரண்டு, குட்டையான உணர்கொம்புகள், தலை உச்சியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் பெரிய கண்கள். மஞ்சள் கறுப்புப் பட்டை போட்டு ஏமாற்றிய ஹோவர்ஃபிளை என்கிற ஈ, அதுவும் ஆண். அந்தரத்தில் அப்படியே நிற்கும், விரட்டினால் பெரும்பாலும் அதே இடத்துக்கே திரும்பி வரும். அந்த இடத்தில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருந்தால் போதும். குளிர்ந்த காலையில் பூச்சிகளுக்கு உடம்பு சூடேறியிருக்காது; இலையில் பனித்துளியோடு அசையாமல் கிடக்கும். பொறிவண்டின் முதுகுப் பளபளப்பில் வானம் தெரிகிற அளவுக்கு இந்த லென்ஸ் துல்லியம். பூவின் மகரந்தத்தைத் துகள் துகளாக எண்ணலாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நண்பருக்கு 'வேண்டாம்' என்றுதான் பதில் அனுப்பினேன். பழைய மேனுவல் மேக்ரோ ஏதாவது கிடைத்தால் வாங்கச் சொல்லியிருக்கிறேன். பல 1:2 வரைதான், அதாவது நிஜ அளவில் பாதி வரைதான் போகும். போகட்டும், நகர்கிற ஸ்விட்ச் அதில் இருக்காது. குருவிக்கு என்ன லென்ஸ் என்று அடுத்துக் கேட்பார். டேப் பசை விரலில் ஒட்டியிருக்கிற இந்த நேரத்தில் கேட்காமல் இருந்தால் சரி.