அப்சல்யூட் காமிக்ஸ்: எதைக் காசு கொடுத்து வாங்கலாம்?

2024 அக்டோபரில் அமெரிக்க காமிக்ஸ் நிறுவனமான டிசி தொடங்கிய அப்சல்யூட் வரிசைக்குள் நுழைய முன்கதை எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். டிசியின் பெரும் வில்லன் டார்க்சைடின் ஆற்றலில் உருவான தனி உலகம் இது. இங்கே எல்லாம் முதலிலிருந்து. பேட்மேன் அக்டோபர் 9, வொண்டர் வுமன் அக்டோபர் 23, சூப்பர்மேன் நவம்பர் 6 என்று முதல் மூன்றும் ஒரே மாத இடைவெளிக்குள் வந்தன. 2025 மார்ச், ஏப்ரலில் பிளாஷ், மார்ஷியன் மேன்ஹன்டர், கிரீன் லேண்டர்ன் சேர்ந்துகொண்டன. எல்லாத் தொடர்களுக்கும் சூத்திரம் ஒன்றுதான்: நாயகனுக்குத் துணையாக இருந்த ஒன்றைப் பிடுங்கிவிடு, பிறகு என்ன ஆகிறான் என்று பார். இப்படி ஒரு யோசனையைச் சொல்ல அரை நிமிடம் போதும். பிடுங்கப்பட்டது ஓவியத்தில், பக்க அமைப்பில், வண்ணத்தில் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. அப்படிப் பார்த்தால் இந்த ஆறில் இரண்டு அசத்துகின்றன, ஒன்று மிரட்டுகிறது, மீதி மூன்றும் ஏறி இறங்குகின்றன.

மிரட்டுவது பேட்மேன். எழுத்து ஸ்காட் ஸ்னைடர், ஓவியம் நிக் டிரகோட்டா, வண்ணம் பிராங்க் மார்ட்டின். இந்த புரூஸ் வேய்னுக்கு மாளிகை கிடையாது, சொத்து கிடையாது. 24 வயதுப் பொறியாளன். அப்பா பள்ளி ஆசிரியர். மாணவர்களை உயிரியல் பூங்காவுக்கு அழைத்துப்போன இடத்தில் துப்பாக்கிச்சூட்டில் இறந்தவர். அம்மா மார்த்தா உயிரோடு இருக்கிறார். தேநீர் கொண்டுவரும் பணியாள் ஆல்ஃபிரெட்டுக்குப் பதிலாக, இவனை வேவு பார்க்க வந்த பிரிட்டிஷ் உளவாளி ஆல்ஃபிரெட். பிற்காலத்தில் வில்லன்களாக நாம் அறிந்த ஆஸ்வால்ட், ஹார்வி, எட்வர்ட், வேலன் எல்லோரும் இவனுடைய சிறுவயதுக் கூட்டாளிகள். தொடரின் உண்மையான முதலீடு இந்த நட்புதான். இவர்களுக்கு என்ன ஆகப்போகிறது என்ற பயம் ஒவ்வொரு இதழிலும் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பணம் இல்லாதவன் எதைக் கொண்டு சண்டை போடுவான்? உடம்பைக் கொண்டும், கையால் செய்த கருவிகளைக் கொண்டும். டிரகோட்டா இதை அப்படியே வரைந்து காட்டுகிறார். தோள் அகலம் பக்கத்தை அடைக்கிறது. மார்பில் இருக்கும் வௌவால் சின்னம் கழன்று கோடரியாகிறது, முகமூடியின் காதுகள் கத்திகளாகின்றன, மேலங்கி கை போல நீண்டு பிடிக்கிறது. பேட்மொபைல் என்று வருவது சுரங்கத்தில் மண் அள்ளும் ராட்சத லாரி போன்ற வண்டி. கதாபாத்திரத்தின் வர்க்கம் வசனத்தில் சொல்லப்படாமல் உலோகத்தின் கனத்தில் தெரிவது இந்த வரிசையின் பெரிய வெற்றி.

கோளாறும் உண்டு. முதல் ஆறு இதழ்களில் வில்லன் பிளாக் மாஸ்க்கும் அவன் கும்பலும். வேகம் குறையவில்லை, ஆனால் ஸ்னைடரின் பழைய வழக்கம் போகவில்லை: படம் சொன்னதைக் கதைசொல்லிப் பெட்டி மறுபடி சொல்லும். 7, 8-ம் இதழ்களில் மிஸ்டர் ஃபிரீஸ் கதையை வரைந்திருப்பவர் மார்கோஸ் மார்ட்டின். மெல்லிய கோடு, நிறைய வெற்றிடம். டிரகோட்டாவின் கனத்துக்குப் பழகிய கண்ணுக்கு முதல் இரண்டு பக்கம் வேறு புத்தகம் மாதிரி இருக்கும். பனிக் கதைக்கு அந்த வெறுமை பொருந்திவிடுகிறது. 9-ல் தொடங்கும், பேன் (Bane) என்ற வில்லனின் கதைதான் சிக்கல். உடம்பைச் சிதைப்பதும் மாற்றுவதுமாகக் கொடூரம் ஏறிக்கொண்டே போகிறது. மாதம் ஒரு இதழாகப் படித்தால் ஒவ்வொன்றும் ஒரே அடியின் நீட்டிப்பாகத் தோன்றும். 14 வரை சேர்த்து ஒரே மூச்சில் படிப்பதுதான் அதற்கு நியாயம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதை வாங்கித் தராதீர்கள். பேட்மேன் என்ற பெயரைப் பார்த்து ஏமாறுவது எளிது.

2025 அக்டோபரில் வந்த ஆண்டு மலரைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதன்மைக் கதையை எழுதி வரைந்தவர் டேனியல் வாரன் ஜான்சன். வெள்ளை இனவெறிக் கும்பலோடு பேட்மேன் மோதும் தனிக் கதை. தொடரை ஒரு இதழ்கூடப் படிக்காதவர்களும் எடுக்கலாம்; அடிதடியில் தூரிகையின் வேகம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைக் காட்டலாம்.

என் கணக்கில் முதலிடம் வொண்டர் வுமனுக்கு. கெல்லி தாம்சன் எழுத, ஹேடன் ஷெர்மன் வரைய, ஜோர்டி பெல்லேர் வண்ணம் தீட்டியது. 2025-ல் சிறந்த புதிய தொடருக்கான ஐஸ்னர் என்ற காமிக்ஸ் விருது கிடைத்தது; விருது இல்லாவிட்டாலும் இந்த வரிசையில் முழுதாக யோசிக்கப்பட்ட புத்தகம் இதுதான். டயானா வளர்ந்தது நரகத்தில். அமேசான் தீவு இல்லை, தாய் இல்லை, அமேசான் என்ற சொல்லைக்கூட அவள் முன் உச்சரிக்கக் கூடாது. வளர்த்தவள் சூனியக்காரி சர்சி. இந்த அமைப்பை வைத்து இருண்ட, கசப்பான நாயகியை எழுதுவது மிகச் சுலபம். தாம்சன் அதைச் செய்யவில்லை. எலும்புக்கூடாகப் பறக்கும் பெகாசஸ் குதிரை மேல், ஆள் உயர வாளோடு வரும் இந்த டயானா, வரிசையிலேயே கருணை மிகுந்தவள். நரகத்தில் வளர்ந்தும் அன்பு குறையாததற்குக் காரணம் சர்சியின் வளர்ப்பு என்பதைத் துண்டு துண்டான முன்கதைகளில் காட்டுகிறார்கள். அந்தத் தாய் மகள் பகுதிகள்தான் புத்தகத்தின் உயிர்.

ஷெர்மனின் பக்க அமைப்பைக் கவனித்துப் பாருங்கள். நிகழ்காலச் சண்டையில் கட்டங்கள் சரிந்து கூராகின்றன; மந்திரம் வரும்போது வட்டமாகவும் சுருளாகவும் மாறிக் கண்ணை இழுத்துச் செல்கின்றன. வசனத்தைத் தொடர்ந்தால் வழி தவறாது, ஆனால் அவசரமாகப் புரட்டினால் தவறும். சண்டைக்கு வரும் டெட்ராசைட் என்ற பெரும்பூதத்தின் உயரத்தைக் காட்ட இரட்டைப் பக்கங்களை நிறையப் பயன்படுத்துகிறார். முதல் தொகுப்பின் கடைசி இரண்டு இதழ்களான 6, 7 இரண்டையும் மாட்டியா டி யூலிஸ் வரைந்திருக்கிறார். அழகான, வழவழப்பான ஓவியம்தான். ஷெர்மனின் முரட்டுக் கோட்டுக்குப் பிறகு சூடு ஆறிப்போன மாதிரி இருக்கிறது.

சூப்பர்மேனில் யோசனை நன்றாக இருக்கிறது, செய்நேர்த்தி சமமாக இல்லை. ஜேசன் ஆரோன் எழுத்து, ராஃபா சாண்டோவல் ஓவியம், உலிசெஸ் அரியோலா வண்ணம். அவன் பிறந்த கிரகமான கிரிப்டானில் பிறப்பே தொழிலைத் தீர்மானிக்கும் அடுக்கு. கல் எல் (சூப்பர்மேனின் பிறப்புப் பெயர்) பெற்றோர் கீழ் அடுக்கில் உழைப்பவர்கள். மார்பில் இருக்கும் அந்தச் சின்னம் அவர்கள் வர்க்கத்தின் அடையாளம். கைக்குழந்தையாக இல்லாமல், எல்லாம் நினைவிருக்கும் வயதில் பூமிக்கு வருகிறான். சிவப்பு மேலங்கி துணியே இல்லை. சோல் என்ற செயற்கை அறிவு இயக்கும் தூசிப் படலம். பறக்கும்போது அது சிதறிச் சேர்வதை சாண்டோவல் வரைவது கண்ணுக்கு விருந்து. பிரேசில் சுரங்கத் தொழிலாளர்களோடு நிற்கும் சூப்பர்மேனை நம்மூர் வாசகர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

ஆனால் முதல் ஆறு இதழ்களில் பக்கங்கள் கிரிப்டானுக்கும் பூமிக்கும் மாறி மாறிப் போகின்றன. சாதாரண இதழில் கதைக்குக் கிடைப்பதே இருபது, இருபத்திரண்டு பக்கம். அதை இரண்டாகப் பிளந்தால் ஒவ்வொரு பாதியும் சூடுபிடிக்கும் நேரத்தில் அறுந்துபோகிறது. லாசரஸ் நிறுவனத்தின் ஏஜென்டாக வரும் லோயிஸ் லேனுக்கு இதனால் இடமே கிடைக்கவில்லை. அவள் மனம் மாறுவது சொல்லப்படுகிறதே தவிர நடப்பதாகத் தெரியவில்லை. தனி இதழாக வாங்கிப் பாதியில் விட்டவர்கள் பலர் இருக்கலாம். அவர்கள் தொகுப்பாகத் திரும்பிப் பார்க்கலாம்.

மார்ஷியன் மேன்ஹன்டருக்கு வருவோம். டெனிஸ் கேம்ப் எழுத்து. ஹாவியர் ரோட்ரிகெஸ் வரைந்து, வண்ணமும் அவரே. ஆறு இதழோடு முடிவதாக அறிவிக்கப்பட்டு, வரவேற்பைப் பார்த்துப் பன்னிரண்டாக நீட்டப்பட்டது. ஜான் ஜோன்ஸ் ஓர் எஃப்பிஐ அதிகாரி. தற்கொலைக் குண்டுவெடிப்பில் தப்பிய பிறகு, மற்றவர்களின் எண்ணங்கள் வண்ணப் புகையாகத் தெரியத் தொடங்குகின்றன. செவ்வாய்க்காரன் வெளியே நிற்கும் பச்சை மனிதனல்ல, இவன் தலைக்குள் குடியேறிய ஒரு பார்வை. வரைபவர் நினைத்ததை வேறொருவர் வண்ணம் தீட்டினால் இந்தப் புத்தகம் தோற்றிருக்கும். இங்கே வண்ணமே வசனம். யார் பொய் சொல்கிறார், யார் துக்கத்தை மறைக்கிறார் என்பதைப் புகையின் நிறத்தை வைத்து வாசகரே கண்டுபிடிக்க வேண்டும். மனைவியோடும் மகனோடும் அவனுக்கு இருக்கும் விலகல் சூப்பர்ஹீரோ காமிக்ஸில் அரிதாக வரும் அசல் குடும்பச் சோகம். குத்துச்சண்டை எதிர்பார்ப்பவர்கள் இதைத் தொட வேண்டாம்.

பிளாஷ் (ஜெஃப் லெமைர், நிக் ரோபிள்ஸ்) ராணுவ முகாமிலிருந்து தப்பி ஓடும் சிறுவன் வாலி வெஸ்டின் கதை. ஓடுகிறான், ஓடுகிறான், கதை நகரவில்லை. கிரீன் லேண்டர்ன் (அல் எவிங், ஜானோய் லிண்ட்சே) காலத்தை முன்னும் பின்னும் கலைத்துப் போட்டிருக்கிறது. இரண்டாம் வாசிப்பில்தான் பிடிபடும். எவிங்கின் எழுத்து பிடித்தவர்கள் பொறுமையாக இருக்கலாம், மற்றவர்கள் நூலகத்திலோ நண்பரிடமோ வாங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மார்வெலின் அல்டிமேட் ஸ்பைடர்மேனோடு ஒப்பிடாமல் இருக்க முடியாது. பழைய நாயகர்களைப் புதிதாகத் தொடங்கும் இந்த அலையைக் கிளப்பியதே 2024 ஜனவரியில் வந்த அந்தப் புத்தகம்தான். ஜோனதன் ஹிக்மன், மார்கோ கெக்கெட்டோ. பீட்டர் பார்க்கருக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், அதன் பிறகுதான் சிலந்திச் சக்தி. 4-ம் இதழ் முழுக்க நான்கு பேர் உட்கார்ந்து இரவுச் சாப்பாடு சாப்பிடுவதுதான், அதுவே தொடரின் உச்சம். ஆனால் ஓர் இதழுக்கும் அடுத்ததற்கும் இடையில் கதையிலும் ஒரு மாதம் ஓடிவிடும் என்ற விதி பின்னால் காலை வாரிவிட்டது. முக்கியமான திருப்பங்கள் இதழ்களுக்கு இடையில் நடந்து முடிந்துவிடுகின்றன. நமக்குக் கிடைப்பது அதைப் பற்றிய பேச்சு. 24 இதழோடு தொடர் முடிகிறது, அந்த உலகத்தையே 2026 ஏப்ரலோடு மூடுவதாக மார்வெல் அறிவித்தது. முடிவு உள்ள கதை என்பது சேகரிப்பவர்களுக்கு நல்ல செய்தி.

இனி காசு விஷயம். முதல் இதழ்கள் 4.99 டாலர். ஆறு இதழைத் தனித்தனியாக வாங்குவதை விடத் தொகுப்பு மலிவு. இந்தியாவுக்குத் தனி இதழ் வரவழைக்கும் கூலியைச் சேர்த்தால் கேட்கவே வேண்டாம். முத்து காமிக்ஸ் காலத்திலிருந்து ஒரு கதையை ஒரே புத்தகமாகப் படித்துப் பழகிய நமக்கு, இருபது பக்கத்தில் அறுந்து நிற்கும் மாத இதழ் எப்படியும் ஒட்டாது. தனி இதழ்தான் வேண்டும் என்றால் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, எத்தனையாவது பதிப்பு என்பது. பேட்மேன் முதல் இதழ் பலமுறை மறுஅச்சானது. உள்ளே கதை ஒன்றேதான், ஆனால் முதல் பதிப்பு விலைக்கு மறுபதிப்பைத் தள்ளிவிடுவார்கள். அட்டை ஓவியத்தையும் உள்ளே சிறிய எழுத்தில் இருக்கும் பதிப்பு விவரத்தையும் ஒத்துப் பாருங்கள். இரண்டு, 1:25 என்று போட்ட வேரியண்ட், அதாவது மாற்று ஓவியம் கொண்ட அட்டை. கடைக்காரர் 25 சாதாரணப் பிரதி எடுத்தால் அதில் ஒன்று வாங்கும் உரிமை என்பதுதான் அர்த்தம். வருங்காலத்தில் விலை ஏறும் என்ற உத்தரவாதம் அதில் எங்கும் இல்லை. மூன்று, தடித்த அட்டை வேரியண்ட். வழக்கமாக ஒரு டாலர் கூடுதல். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். முழுதாக விரித்துப் படித்தால் முதுகில் வெள்ளைக் கோடு விழும். படிக்கச் சாதாரண அட்டையே போதும்.

டிஜிட்டலில் படிப்பவர்கள் கட்டம் கட்டமாகக் காட்டும் வசதியை வொண்டர் வுமனுக்கும் மார்ஷியனுக்கும் அணைத்துவிடுங்கள். கட்டத்தைத் தனியாக வெட்டினால் ஷெர்மனின் சுருளும் ரோட்ரிகெஸின் புகையும் பாதியில் நின்றுவிடும். பத்து அங்குல டேப்லெட்டைப் படுக்கை வாக்கில் வைத்தால் இரட்டைப் பக்கம் ஒழுங்காகத் தெரியும். போனில் டிரகோட்டாவின் சின்னக் கட்டங்களுக்குள் இருக்கும் எழுத்தைப் படிக்கப் பெரிதாக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு தொடர் முடியுமா என்று பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம். 2025 மார்ச்சில் ஜெஃப் லோப், ஜிம் லீ கூட்டணியில் பேட்மேன் இதழில் தொடங்கிய ஹஷ் கதையின் இரண்டாம் பாகம் மாதக்கணக்கில் தாமதமானது. அது முடிவதற்கு முன்பே, செப்டம்பரில் மேட் ஃபிராக்‌ஷன் எழுத்தில் பேட்மேன் மறுபடி 1-ம் இதழிலிருந்து கிளம்பிவிட்டது. அதற்கு மாறாக அப்சல்யூட் வரிசை பெரும்பாலும் மாதம் தவறாமல் வந்திருக்கிறது. வாங்குவதானால் வொண்டர் வுமன் முதல் தொகுப்பு, அடுத்து மார்ஷியன், வயிறு கெட்டியாக இருந்தால் பேட்மேன். சூப்பர்மேனைத் தள்ளுபடி வரும்போது எடுத்தால் போதும்.