பீடோரா, தாப்பாவா, ஆர் அண்ட் ஆரா: வடக்கே போகும் வழியில் எங்கே பசியாறலாம்?

கோலாலம்பூரிலிருந்து பினாங்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர். வீட்டில் சாப்பிடாமல் கிளம்பினால், வழியில் பேராக் மாநிலத்தில் இருக்கும் பீடோர், தாப்பா பக்கம் வரும்போது பின் சீட்டில் பிள்ளைகள் முனக ஆரம்பித்துவிடும். 1994-இல் முழுதாகத் திறந்த நெடுஞ்சாலை வருவதற்கு முன், வடக்கே போகும் வண்டிகள் பழைய சாலை வழியாக இந்த ஊர்களுக்குள் நுழைந்துதான் போயின. சாப்பாட்டுக் கடைகளும் அந்தக் கூட்டத்தை நம்பித்தான் வளர்ந்தன. இப்போது டோல் தாண்டி வெளியே வர மனசு வர வேண்டும். வரலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்வது ருசியைவிடக் கடிகாரம்தான்.

முதலில் டோல் பயம். பிளஸ் எனப்படும் இந்த நெடுஞ்சாலையில் தூரத்துக்குத்தான் காசு. பீடோரில் இறங்கித் திரும்ப ஏறினாலும் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் வராது. ஏறும்போது எதைத் தட்டினீர்களோ, அதே டச் அண்ட் கோ கட்டண அட்டையை இறங்கும்போதும் தட்ட வேண்டும். ஆர்எஃப்ஐடியில் (வண்டியில் ஒட்டிய வில்லையைப் படிக்கும் தடம்) நுழைந்தால் ஆர்எஃப்ஐடியிலேயே வெளியேற வேண்டும். கலந்துவிட்டால் நுழைந்த இடம் பதிவில் இருக்காது, தடுப்பும் திறக்காது, பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார். இன்னொரு வசதி: பீடோரில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு, வந்த வழியே திரும்பாமல் பழைய சாலையில் தாப்பா வரை போய் அங்கே ஏறிக்கொள்ளலாம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான்.

தாப்பா ஆர் அண்ட் ஆர், அதாவது நெடுஞ்சாலையோர ஓய்விடம், சௌகரியத்துக்கு நிகரில்லை. கழிப்பறை, பெட்ரோல், சூராவ் (தொழுகை அறை), கடைகள் எல்லாம் ஒரே இடத்தில். இரவு பத்து மணிக்கு மேல், கைக்குழந்தையோடு, அல்லது அடைமழையில் வேறு எங்கும் தேட வேண்டாம். காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் போனால் சாப்பாடும் தேறும். அதற்குப் பிறகு ரொட்டி சானாயை (வீச்சுப் பரோட்டா) முன்கூட்டியே வீசி அடுக்கிவைக்கும் கடைகள் உண்டு. அடுக்கில் இருந்த ரொட்டி ஆவியில் ஊறித் தோல் மாதிரி இழுக்கும். “புதுசா போட்டுக் குடுங்கண்ணே” என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பது நல்லது. தோசைக்கும் காலைதான் பொழுது. மாவு மதியத்துக்குள் புளித்துவிட்டால் தோசை சிவக்காது, வெளுப்பாகவே வரும். பள்ளி விடுமுறையிலும் பெருநாள் வாரத்திலும் உள்ளே திரும்பவே கார்கள் வரிசை கட்டும். அப்போது பெரிய ஆர் அண்ட் ஆரை விட்டுவிட்டு, இடையில் வரும் சிறு ஓய்விடங்களில் நிறுத்துங்கள். நான்கைந்து ஒட்டுக்கடைதான், பெட்ரோல் பெரும்பாலும் இருக்காது, ஆனால் நிறுத்த இடம் கிடைக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு, முக்கியமாகத் தைப்பூச விரதத்தோடு பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போகிறவர்களுக்கு, ஆர் அண்ட் ஆர் சிக்கலான இடம். மிளகாய்ச் சம்பாலில் பெலாச்சானும் (இறால் விழுது) நெத்திலியும் இருக்கும். மாமாக் கடை (இந்திய முஸ்லிம் உணவகம்) டால்ச்சா என்ற பருப்புக் கறியில் ஆட்டெலும்பு போடுவது வழக்கம். பருப்புக்குழம்பு தனியாக இருந்தாலும் மீன்கறிக் கரண்டியே அதற்குள் போய்வரும். “இறைச்சி இல்லை” என்ற பதில் போதாது. எலும்பு, நெத்திலி, கரண்டி மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். மாட்டிறைச்சி தொடாதவர்களும் கரண்டியைக் கவனிக்கணும்.

பீடோர் என்றதும் நினைவுக்கு வருவது புன் சுன் உணவகத்தின் வாத்துக்கால் மீ (நூடுல்ஸ்). வாத்துக்காலை சீன மூலிகைகளோடு நெடுநேரம் வேகவைத்த கறுத்த சூப், கூடவே மெல்லிய முட்டை மீ. சூப்பில் லேசான கசப்பும் இனிப்பும் கலந்திருக்கும். முதல் வாய்க்குக் கஷாயம் குடித்த மாதிரி இருந்தாலும் மூன்றாவது வாய்க்குப் பிடித்துவிடும். மெதுவாகச் சாப்பிடுகிறவர்கள் மீயைத் தனியாக, உலர்ந்ததாக வாங்கிக்கொள்ளுங்கள். சூப்பிலேயே கிடந்தால் ஊறிக் குழைந்துவிடும். இது ஹலால் கடை இல்லை. அந்த ஊரில் பெயர் போன கோழிக்குஞ்சு பிஸ்கட்டில், பெயரில்தான் கோழி. வழக்கமான செய்முறையில் சேருவது பன்றிக்கொழுப்பு. பெயரைப் பார்த்து வீட்டுப் பாட்டிக்கு வாங்கிப் போய்விடாதீர்கள். சீனப் பெருநாள் நாள்களில் இந்த ஊரை நம்பி வர வேண்டாம்.

நம் சாப்பாடுதான் வேண்டும் என்றால் பீடோர், தாப்பா டவுனில் உள்ள இந்தியக் கடைகள். சுற்றிலும் தோட்டங்கள் இருந்த வட்டாரம், கைப்பக்குவம் இன்னும் இருக்கிறது. ஆனால் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டிலிருந்து ஒன்றரைக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். சின்ன ஊரில் கறிகளை ஒரு தடவைதான் சமைப்பார்கள். இரண்டரைக்குப் போனால் முட்டைக்கோஸ் பழுப்பேறியிருக்கும், பொரித்த மீன் தட்டில் எண்ணெய் உறைந்திருக்கும், ரசம் அடிமண்டியாக வரும். உட்காருவதற்கு முன் கண்ணாடிப் பெட்டியை ஒரு பார்வை பாருங்கள். காய்கறியில் பச்சை தெரிந்தால் இலை போடச் சொல்லலாம். இல்லையென்றால் கோழிக் குழம்போடு பரோட்டா கேட்டுவிடுவது புத்திசாலித்தனம். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில், ஒன்றிலிருந்து இரண்டரை வரை, மாமாக் கடைகள் மூடியிருக்கும். அன்று கூட்டம் முழுக்க இந்தக் கடைகளுக்கு வந்துவிடும். தீபாவளியை ஒட்டி இவையும் திறந்திருக்காது.

கட்டுச்சோறு என்றால் புளியோதரை. புளியும் நல்லெண்ணெயும் அதைக் காப்பாற்றும், ஆறவைத்த பிறகு மூடினால் சாயங்காலம் வரை தாங்கும். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்த தண்ணீர் சோற்றில் சொட்டிக் கெடுத்துவிடும். தேங்காய்ச் சட்னியும் தேங்காய்ப்பால் சோறும் வெயிலில் நிற்கும் காருக்கு ஒத்துவராது.

பழைய சாலையில் விற்கும் விதையில்லாக் கொய்யாவுக்காகவாவது பீடோரில் ஐந்து நிமிடம் நிறுத்தலாம். நறுக்கி, அசாம் போய்த் தூளோடு (புளிப்பு பிளம் தூள்) தருவார்கள்; தூளைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள், தூவிவிட்டால் ஈப்போ தாண்டுவதற்குள் தண்ணீர் விட்டுவிடும். கடும் நெடி வீசும் பெத்தாய் அவரையும் அங்கே கிடைக்கும். அதைத் திரும்பி வரும்போது வாங்குங்கள். நாள் முழுக்கப் பூட்டிய காரில் அதன் வாசனை யாருக்கும் வேண்டாம்.