ஈரமானியும் மாமனாரும் பதினொரு வீடுகளும்

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் 1,600 ரூபாய் சொன்னார்கள்; 1,350க்கு வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும் மஞ்சள் பெட்டி. தலையில் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு இரண்டு முட்கள், நடுவில் சின்னத் திரை, உள்ளே 9 வோல்ட் பேட்டரி. கம்பெனிப் பெயர் எங்கேயும் இல்லை. இதே அச்சில் வார்த்தவை அந்தத் தெருவில் மஞ்சள், ஆரஞ்சு, கறுப்பு என்று வரிசையாகத் தொங்குகின்றன. ஆகவே இதை ஒரு கம்பெனிக்கான மதிப்புரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சுவரில் குத்தி ஈரம் பார்க்கும் ஈரமானி என்ற இந்தச் சாதி முழுவதற்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

வாங்கிய காரணம் எளிது. அல்சூரில் 14 வருடம் வாடகைக்கு இருந்துவிட்டுச் சொந்த வீடு தேடத் தொடங்கினோம். புது அடுக்குமாடிகள் கைக்கு எட்டவில்லை. ஒருவர் குடியிருந்து விற்கும் வீடுதான் எங்கள் கணக்குக்கு ஒத்துவந்தது. அல்சூர் வீட்டில் சமையலறைச் சுவர் ஓதம் ஏறி, ஒவ்வொரு புரட்டாசியிலும் பூச்சு பொருக்குப் பொருக்காக அரிசிப் பானைக்குள் உதிரும். பணம் கொடுத்து வாங்கும் வீட்டிலும் அதே கதை வேண்டாம் என்று தோன்றியது.

எனக்கு வேலை ஒரு மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில். காலையில் முதல் நோயாளியின் மாதிரியைத் தொடுவதற்கு முன், அளவு தெரிந்த ஒரு மாதிரியை இயந்திரத்தில் ஓட்டிப் பார்ப்போம். அது சரியாக வந்தால்தான் மற்றவை. இந்தப் பெட்டியின் மூடியிலும் அதற்கு வழி வைத்திருக்கிறார்கள்: இரண்டு துளைகள், முட்களைச் செருகினால் 18 காட்ட வேண்டும், ஒன்று கூடலாம் குறையலாம். கடைக்காரர் முதலில் கொடுத்த பெட்டி 23 காட்டியது. வேறு கேட்டேன். 'அம்மா, இது தங்கம் நிறுக்கும் தராசு இல்லை' என்றார். மூன்றாவது பெட்டி 18.4 காட்டியது. அதைத்தான் வாங்கினேன். வாங்குபவர்கள் கடையிலேயே இதைச் செய்யுங்கள், வீட்டுக்கு வந்து செய்யாதீர்கள்.

இனி முக்கியமான சங்கதி. கையேட்டில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கிறது. இந்தக் கருவி ஈரத்தை நேரடியாக அளப்பதில்லை. இரண்டு முட்களுக்கும் நடுவே மின்சாரம் எவ்வளவு தடையோடு ஓடுகிறது என்று பார்க்கிறது. ஈரம் கூடினால் தடை குறையும், அதை ஒரு சதவீதமாக மாற்றித் திரையில் எழுதுகிறது. அந்த மாற்றுக் கணக்கு மரத்துக்குத்தான் உருப்படியாகப் பொருந்தும். செங்கல், சிமெண்ட் பூச்சு, ஜிப்சம், பெயிண்டுக்கு முன் பூசும் பட்டி ஒவ்வொன்றுக்கும் மின்தடை வேறு. கட்டடப் பொருளுக்கென்று தனிப் பொத்தான் இருக்கிறது, 1.5 முதல் 33 வரை காட்டும். ஆனால் சுவரில் 12 என்று வந்தால் அந்தச் சுவரில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே வீட்டில், ஒரே மாதிரிச் சுவரில், ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிடத்தான் அந்த எண். அல்சூர் வீட்டில் பூஜை அறைச் சுவர் 2.1. சமையலறைத் தொட்டிக்குப் பின்சுவர் 21. இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டு கிளம்பினேன்.

கூடவே மாமனார். ஊத்தங்கரையில் நாற்பது வருடம் கொத்தனாராக இருந்தவர். அவருடைய கருவிகள் இரண்டு: வலக்கை நடுவிரல் முட்டி, பத்து ரூபாய் நாணயம். சுவரை முட்டியால் தட்டுவார், டைல்ஸை நாணயத்தால் தட்டுவார். என் பெட்டியைப் பார்த்து, 'சுவருக்கு ஊசி போடப் போகிறாயா அம்மா?' என்றார்.

சி.வி. ராமன் நகரில் பார்த்த மூன்றாவது வீட்டில்தான் பெட்டி தன் விலையைச் சம்பாதித்தது. நான்கு வருடக் கட்டடம், அழகான வீடு, காற்று வருகிறது. ஒரு படுக்கையறையில் மட்டும் பெயிண்ட் வாசனை. வீடு முழுவதும் அடித்திருந்தால் சந்தேகம் வராது. ஓர் அறையில், அதுவும் ஒரே சுவரில் அடித்திருந்தார்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் 19. இடுப்பு உயரத்தில் 11. தோள் உயரத்தில் 4. எதிர்ச்சுவர் எங்கே குத்தினாலும் 2, 2.5. 'நேற்றுத்தான் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தோம், அந்த ஈரம்தான்' என்றார் புரோக்கர். பெயிண்ட் ஈரமானால் மேலும் கீழும் ஒன்றாக இருக்க வேண்டும். கீழே கனத்து மேலே இளைக்கும் ஈரம் தரையிலிருந்துதான் வருகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. மாமனார் உள்ளே போய் நாணயத்தால் தட்டினார். தரை டைல்ஸில் ஆறு இடத்தில் பொள்ளல் சத்தம். அங்கே எங்கள் இருவருக்கும் கருத்து ஒன்றானது. பிறகு அது நிகழவே இல்லை.

அந்த வீட்டுக்காரர் மீது எனக்கு இரக்கம்தான். வீடு கட்டி விற்பவர்களை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டத்தின் 14(3) பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த ஐந்து வருடத்துக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்து எழுதிக் கேட்டால், கட்டியவர் 30 நாளில் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். அவருக்கு இன்னும் ஒரு வருடம் மிச்சம் இருந்தது. அவரோ பெயிண்ட் அடித்தார்.

கம்மனஹள்ளித் தனிவீட்டில் பெட்டி என்னை ஏமாற்றியது. கூடத்துச் சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. குத்தினேன், 28. மாமனாரைப் பார்த்துத் தலையாட்டினேன். அவர் நகத்தால் உப்பைச் சுரண்டினார், பூச்சை விரலால் நசுக்கிப் பார்த்தார், கன்னத்தைச் சுவரில் வைத்தார். 'காய்ந்த சுவர் அம்மா. உப்புதான் நிற்கிறது' என்றார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பரிசோதனைக் கூடத்தில் இதற்கு ஒரு நிகர் உண்டு: ஊசி சரியாக இறங்காமல் சிவப்பணுக்கள் உடைந்த இரத்தத்தில் பொட்டாசியம் பொய்யாக எகிறும், நோயாளிக்கு ஒன்றும் இருக்காது, மாதிரிதான் கெட்டிருக்கும். உப்பும் அப்படியே மின்சாரத்தை ஓடவிடும், பெட்டி அதையும் ஈரம் என்றே எழுதும்.

ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டுக்காரப் பாட்டியிடம் அனுமதி கேட்டு, ஓர் அடிக்கு ஓர் அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் நாடாவால் ஒட்டிவிட்டு வந்தோம். சுவருக்குள் ஈரம் இருந்தால் 24 மணி நேரத்தில் தாளின் உட்பக்கம் வியர்க்கும். வெளிப்பக்கம் வியர்த்தால் அது அறைக் காற்றின் ஈரம். மறுநாள் மாலை போனால் உட்பக்கம் பொட்டுத் தண்ணீர் இல்லை. இரண்டு வருடம் முன்பு மொட்டை மாடித் தொட்டிக் குழாய் உடைந்து ஒழுகியதாம், மாற்றிவிட்டார்களாம். பாட்டி எங்களுக்கு மோர் கொடுத்தார். வீடு எங்களுக்குப் பிடித்தும்விட்டது. வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தபோது பழைய அடமானம் ஒன்று தீர்க்கப்படாமல் நின்றது. அதைச் சரிசெய்ய மகன்கள் இருவர் ஒத்துப்போக வேண்டும், ஒத்துப்போகவில்லை. சுவரைக் குத்துவதற்கு முன் சான்றை எடுத்திருக்க வேண்டும் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

பெட்டியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். டைல்ஸ் மேல் ஒன்றும் செய்யாது, முள் இறங்காது. இடுக்குச் சிமெண்டில் குத்தலாம், அது எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். திரையில் விளக்கு இல்லை, அலமாரிக்குள் குத்திவிட்டுத் தலையையும் உள்ளே நுழைத்துப் படிக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராமமூர்த்தி நகரில் பேட்டரி தீர்ந்தது. அந்த வகை பேட்டரி பெட்டிக்கடையில் கிடைக்கவில்லை, அன்றைய நான்கு வீடுகளையும் மாமனாரின் முட்டியை நம்பிப் பார்த்தோம். அப்புறம், முட்கள் சுவரில் இரண்டு புள்ளி விடும். 'ஊசி குத்தாதீர்கள்' என்று ஒருவர் எங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார். கதவுக்குப் பின்னால், தரையோரமாகக் குத்த ஆரம்பித்தேன். பையில் ஒரு சாக்பீஸ், ஓட்டையை அடைக்க.

எந்த மாதத்தில் குத்துகிறோம் என்பதும் உண்டு. பெங்களூரில் செப்டம்பர், அக்டோபர் மழைதான் கனத்த மழை. அது பெய்து இரண்டு நாளுக்குள் போய்ப் பாருங்கள். பிப்ரவரியில் எல்லாச் சுவரும் உத்தமச் சுவர்.

கடைசியில் வாங்கியது ஹொரமாவில். ஒன்பது வருடக் கட்டடம், நான்கு மாடியில் மூன்றாவது, 1,050 சதுர அடி. உள்ளே பதினெட்டு இடத்தில் குத்தினேன், எல்லாம் 3க்குள். மேற்கு ஜன்னலுக்குக் கீழே மட்டும் 17. மாமனார் தட்டிப் பார்த்து, 'இது நல்ல சுவர்' என்று தீர்ப்பு சொல்லியிருந்த சுவர் அது. நான் பெட்டியை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவர் ஜன்னலைத் திறந்து உடம்பை வெளியே வளைத்துப் பார்த்தார். ஜன்னல் மூலையிலிருந்து கீழே ஓடியது மயிரிழை விரிசல். திரும்ப உள்ளே வந்து, 'பூச்சு நல்ல பூச்சுதான்' என்றார்.

பெட்டியால் பார்க்கவே முடியாத இடம் ஒன்று உண்டு. நம் குளியலறை ஒழுகினால் அந்த ஈரம் பெரும்பாலும் நம் வீட்டில் தெரியாது, கீழ்வீட்டுக் கூரையில்தான் தெரியும். வீடு வாங்குபவர்களில் எத்தனை பேர் கீழ்வீட்டு மணியை அடிக்கிறார்கள்? நாங்கள் அடித்தோம். திறந்தவர் வேலூர்க்கார அக்கா. கூரையைக் காட்டினார், சுத்தமாக இருந்தது. உட்காரவைத்து, 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறு வற்றி டேங்கர் தண்ணீருக்கு வீட்டுக்கு வீடு எவ்வளவு கொடுத்தார்கள், சங்கத்தில் யார் பராமரிப்புப் பணம் கட்டுவதில்லை, லிஃப்ட் எப்போது நிற்கும் என்று ஒன்றரை மணி நேரம் சொன்னார். 1,350 ரூபாய்ப் பெட்டிக்கு இதில் ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகும் மனம் ஒப்பாமல், விற்பவரைக் கேட்டுக் குளியலறை வடிகாலைத் துணியால் அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, மறுநாள் அதே நேரம் அக்காவின் கூரையைப் போய்ப் பார்த்தோம். காபி இரண்டாம் முறை.

விலை 71 லட்சம் சொன்னார்கள். 68க்கு முடிந்தது. குறைந்த மூன்றில் என் கணவரின் வாய்க்கு இரண்டரை, அந்த 17க்கு 50,000. வெளிச்சுவர் எல்லோருக்கும் பொது, சங்கம்தான் பார்க்க வேண்டும். சங்கமோ அடுத்த வருடம் வெளிப்பூச்சு என்றது. அதுவரை நாங்களே அனுமதி வாங்கி விரிசலை அடைத்துக்கொள்வது என்று பேசி அந்த 50,000.

பத்திரச் செலவையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: பெங்களூரில் எங்கள் விலைக்கு முத்திரைத்தாள் 5 சதவீதம், அதன் மேல் தீர்வைகள் சேர்த்து 5.6, பதிவுக் கட்டணம் 2. எங்களுக்கு 5,16,800 ரூபாய் ஆனது. பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் 30 வரை 1 சதவீதமாக இருந்தது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் தேட ஆரம்பித்து டிசம்பரில் பதிவு செய்த எங்களுக்கு அந்த ஒரு சதவீதம் 68,000, ஐம்பது ஈரமானி. 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால், விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீத வரியைப் பிடித்து நாமே கட்ட வேண்டும், நாங்கள் பதிந்த 2025 டிசம்பரில் அதற்குப் படிவம் 26கியூபி. இ-கத்தா (மாநகராட்சியின் மின்னணுச் சொத்துப் பதிவேட்டுச் சான்று) இல்லாத வீட்டைப் பதியவே முடியாது, அதை முன்பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள்.

வாசற்கதவு மாற்றும்போது மாமனார் பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு மரக்கடைக்குப் போனார். கதவு செய்யும் மரம் 12 சதவீதத்துக்குக் கீழே காய்ந்திருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. கடைக்காரர் காட்டிய தேக்குப் பலகை வெளியே 11 காட்டியதாம். அவர் முனையை அறுக்கச் சொல்லி அறுத்த முகத்தில் குத்தியிருக்கிறார், 21. வேறு பலகை எடுத்துவந்தார். பெட்டியை மட்டும் மூன்று வாரம் கழித்துத்தான் திருப்பித் தந்தார், பேட்டரி தீர்ந்த நிலையில்.

ஜன்னலுக்குக் கீழே சுவரில் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். நவம்பரில் 17. விரிசலை அடைத்த பிறகு ஜனவரியில் 11. மார்ச்சில் 6. பின் இரண்டும் மழை குறைந்த மாதக் கணக்கு, நம்புவதற்கில்லை. அடுத்தது அக்டோபரில் குத்துவேன். புது பேட்டரி வாங்கி வைத்தாயிற்று.