மூன்று வருடம் ஓட்டிய அடிபட்ட கொரோலா: வாங்கியதும் விற்றதும்

சமீபத்தில்தான் வண்டியை விற்றேன். 2016 டொயோட்டா கொரோலா, ‘ரீபில்ட் சால்வேஜ்’ (அடிபட்டு, பிறகு சரிசெய்த வண்டி என்று குறித்த) டைட்டில், அதாவது உரிமைப் பத்திரம். அமெரிக்காவில், டெக்சாஸின் டாலஸ் பக்கம் புதிதாக வேலைக்கு வரும் நம் பையன்களில் யாராவது ஒருவர் “அண்ணா, அடிபட்ட வண்டி ரொம்ப சல்லிசா கிடைக்குது, வாங்கலாமா?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். என் மதிப்பெண்: வண்டிக்கு ஐந்துக்கு நான்கு. விற்ற கடைக்கு இரண்டு. இன்சூரன்ஸுக்கு மூன்று, அதுவும் என்னிடம் போட்டோ இருந்ததால்.

ஊரில் ‘அடிபட்ட வண்டி’ என்பது வாய்ப்பேச்சோடு போய்விடும். இங்கே அது வண்டியின் டைட்டிலிலேயே ஏறிவிடுகிறது. பழுது பார்ப்பது கட்டுப்படியாகாது என்று இன்சூரன்ஸ் கம்பெனி முடிவு செய்தால், உரிமையாளருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை ஏலத்துக்கு அனுப்பும். அப்போது டைட்டில் சால்வேஜ் ஆகும். அந்த நிலையில் சாலையில் ஓட்ட முடியாது. யாரோ ஏலத்தில் எடுத்துச் சரிசெய்து, உரிய பாரத்தை (படிவத்தை) மாநிலத்திடம் கொடுத்தால் ‘ரீபில்ட்’ ஆகிறது.

எவ்வளவு அடிபட்டால் சால்வேஜ் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சாஸில் பழுதுச் செலவு வண்டியின் மதிப்பையே தாண்ட வேண்டும். அலபாமாவில் 75 சதவீதம், ஓக்லஹோமாவில் 60. ஒரே மாதிரி இடி வாங்கிய வண்டி, டெக்சாஸ்-ஓக்லஹோமா எல்லை ஆற்றுக்கு அந்தப்பக்கம் சால்வேஜ், இந்தப்பக்கம் சுத்தமான டைட்டில்! அதனால் விலையைப் பார்க்கும் முன் எந்த மாநிலத்தில் சால்வேஜ் ஆனது என்று பாருங்கள். என் கொரோலா ஓக்லஹோமாக்காரி. அங்கே குறைந்த அடிக்கே சால்வேஜ் ஆகிவிடும், அதுதான் முதல் நம்பிக்கை.

2021-இல் சிப் தட்டுப்பாட்டால் பழைய கார் விலை எகிறிக் கிடந்த நேரம். இதே வருடத்து கொரோலாவுக்குச் சுத்தமான டைட்டிலோடு 13,500 டாலர் கேட்டார்கள். டாலஸ் பக்கம் கார்லண்டில் இருந்த ஒரு கடையில் இது 8,700. கடைக்காரர் “சின்ன கீறல்தான், காஸ்மெட்டிக்” என்றார். வீட்டுக்கு வந்து வண்டியின் 17 இலக்க வின் எண்ணை (ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள அடையாள எண்) கூகுளில் போட்டேன். ஏலத்தில் எடுத்த படங்கள் அப்படியே வந்தன. இடது முன்பக்கம் ஹெட்லைட் இருந்த இடத்தில் ஓட்டை, பானெட் கூரை மாதிரி மடிந்து நிற்கிறது. இதுவா கீறல்? கடைக்கு இரண்டு மதிப்பெண் ஏன் என்று இப்போது புரியும். ஆனால் அதே படத்தில் நான் தேடியதும் இருந்தது: ஏர்பேக் வெடிக்கவில்லை.

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். வெடித்த ஏர்பேக்குக்குப் பதிலாக எதை வைத்தார்கள் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவே முடியாது. இப்படிச் சரிசெய்த வண்டிகளில் மலிவான, தரமற்ற இன்ஃப்ளேட்டர் (ஏர்பேக்கை ஊத வைக்கும் பாகம்) வெடித்து உயிரே போயிருக்கிறது என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2024-இல் எச்சரித்தது. படத்தில் ஏர்பேக் தொங்கினால் நான் அந்த வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்.

மறுநாள் கடையில் நின்றுகொண்டு அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். அவருக்கு மதுரையில் முப்பது வருட ஒர்க்‌ஷாப் அனுபவம். “தம்பி, சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழு. அடியில மண் கோடு இருக்கா பாரு.” இல்லை. “மோந்து பாரு.” மோந்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். வெள்ளத்தில் முங்கிய வண்டியை எவ்வளவு கழுவினாலும் பெல்ட்டின் உள்சுருளைக் கழுவ மறந்துவிடுவார்களாம். 2017-இல் ஹார்வி புயல் ஹூஸ்டனை வெள்ளத்தில் மூழ்கடித்த பிறகு இந்த ஊரில் அந்தச் சோதனை வீண் இல்லை. அப்புறம் பானெட்டைத் திறக்கச் சொன்னார். “ஃபெண்டர் போல்ட்டைக் காட்டு. கிட்ட. இன்னும் கிட்ட.” வலது பக்க போல்ட்டுகளில் பெயின்ட் முழுசாக இருந்தது. இடது பக்கத்தில் ஒவ்வொரு தலையிலும் ஸ்பேனர் பட்ட தழும்பு, பெயின்ட் உரிந்து இரும்பு மின்னியது. “சரி, இடது பக்கம் பூரா கழட்டி மாட்டியிருக்கான். சேஸிஸ் கோணியிருக்கான்னு அலைன்மென்ட் பார்க்காம காசு குடுக்காதே.”

வெளி மெக்கானிக்கிடம் 150 டாலர் கொடுத்துத் தூக்கிப் பார்த்ததில் சேஸிஸ் நேராக இருந்தது. இடது முன்சக்கரம் மட்டும் லேசாகச் சாய்ந்திருந்தது. கீழ் கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கை) வளைந்திருக்கிறது, மாற்றினால் போதும் என்றார். 640 டாலர் ஆனது. கடைக்காரர் ஒரு சென்ட் குறைக்கவில்லை. பெரிய வங்கிகள் இந்த டைட்டிலுக்குக் கடன் தர மறுத்ததால், கைக்காசோடு நண்பனிடம் வாங்கியதையும் சேர்த்துக் கட்டினேன். கடைக்காரர் மாநிலத்துக்குக் கொடுத்த வி.டி.ஆர்-61 பாரத்தின் நகலைக் கேட்டு வாங்கினேன். என்னென்ன மாற்றினார், எங்கிருந்து வாங்கினார் என்று பழுது பார்த்தவர் எழுதிக் கையெழுத்துப் போடும் தாள் அது.

ஓடியதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொரோலா கொரோலாதான். 38,000 மைல், ஆயில், டயர், ஒரு பேட்டரி. இடது ஹெட்லைட் மட்டும் கம்பெனி சாமான் இல்லை போலிருக்கிறது, மழை பெய்தால் உள்ளே வியர்த்துக்கொள்ளும்.

இன்சூரன்ஸ்தான் வேறு கதை. இரண்டு கம்பெனிகள் லையபிலிட்டி மட்டும் என்றன. டெக்சாஸில் சட்டப்படி வேண்டியது 30/60/25: ஒருவர் காயத்துக்கு 30,000, ஒரு விபத்துக்கு 60,000, பிறர் சொத்துக்கு 25,000 டாலர். அதில் நம் வண்டிக்கு ஒன்றும் கிடைக்காது. மூன்றாவது கம்பெனி முழுக் காப்பீடு கொடுத்தது, பிரீமியத்தில் ஒரு டாலர்கூடக் குறைக்காமல். முழு இழப்பு என்றால் எப்படி மதிப்பிடுவீர்கள் என்று மின்னஞ்சலில் கேட்டேன். சுத்தமான டைட்டில் விலையில் 35 சதவீதம் கழிப்போம் என்று பதில் வந்தது. கட்டுவது முழு வண்டிக்கு, கிடைப்பது முக்கால் வண்டிக்கும் குறைவு. தெரிந்தேதான் எடுத்தேன்.

ஒரு மே மாத மாலை ஆலங்கட்டி மழை. டாலஸ்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பானெட்டும் கூரையும் பணியாரச் சட்டி மாதிரி ஆகிவிட்டன. இன்சூரன்ஸிலிருந்து பார்க்க வந்தவர் டைட்டிலைப் பார்த்ததும் “இது பழைய அடியாகவும் இருக்கலாமே” என்று ஆரம்பித்தார். வாங்கிய அன்றே அப்பா எல்லாப் பக்கமும் படம் எடுக்க வைத்திருந்தார், தேதியோடு. நாற்பத்தி மூன்று படங்களை அனுப்பினேன். அடுத்த வாரம் மதிப்பீடு 4,100. என் பங்கு 500 போக 3,600-க்குச் செக் வந்தது. நெளிவை எடுக்காமலே ஓட்டினேன். கணக்குப் போட்டால் இந்த வண்டியில் எனக்கு லாபம் கொடுத்தது ஆலங்கட்டி ஒன்றுதான்.

வேலை சியாட்டிலுக்கு மாறியதும் விற்க வேண்டி வந்தது. உடனே விலை சொல்லும் இணையதளங்கள் ‘ரீபில்ட்’ என்று குறித்ததுமே கதவைச் சாத்தின. ஒரு டீலர் 3,000 என்றார், அதுவும் முகத்தைச் சுளித்துக்கொண்டு. கடைசியில் டைல்ஸ் வேலை செய்யும் ஒருவர் மகளுக்காகப் பார்க்க வந்தார். ஏலப் படங்கள், பாரம், கன்ட்ரோல் ஆர்ம் பில், ஆலங்கட்டி மதிப்பீடு எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு முதலிலேயே கையில் கொடுத்தேன். அதற்கு முன் வந்து பார்த்த நான்கு பேர் இதே ஃபைலைப் பார்த்துவிட்டுத்தான் ஓடினார்கள். இவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார், பிறகு தரையில் படுத்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்து, ஹெட்லைட்டைத் தட்டி, ஏன் உள்ளே ஈரம் என்றார். எத்தனை முறை சிலிக்கான் வைத்தாலும் மழைக்கு வந்துவிடும் என்றேன். அதற்கு 50 டாலர் குறைத்துக்கொண்டு 5,400 கொடுத்தார்.