பீனமுண்டே: மேற்கில் வி-1, கிழக்கில் வி-2

ஜெர்மனியின் பால்டிக் கரையில், யூசடோம் தீவின் வடமுனையில் இருந்த மீனவ கிராமம் பீனமுண்டே. 1936-ல் நிலம் அரசின் கைக்குப் போனது, ஊர்க்காரர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அங்கே நாஜி அரசு ஆயுதச் சோதனை நிலையம் அமைத்தது.

மேற்கே விமானப்படை சோதித்த வி-1, சாய்தளத்திலிருந்து கிளம்பும், வெடிகுண்டு சுமந்த ஆளில்லா விமானம். எரிபொருள் பெட்ரோல். மணிக்குச் சுமார் 640 கி.மீ. வேகம்தான், போர் விமானங்கள் துரத்திச் சுட்டன.

கிழக்கே தரைப்படையின் வி-2 ராக்கெட்: 14 மீட்டர் உயரம், எரிபொருளாக ஆல்கஹால், அதை எரிக்கத் திரவ ஆக்சிஜன், சுமார் ஒரு நிமிட எரிப்பு. முதல் வெற்றி 1942 அக்டோபர் 3. ஒலியை முந்தி விழுவதால் தடுக்க வழியே இல்லை. ஆனால் கீழிறங்கும்போது பல ராக்கெட்டுகள் நடுவானிலேயே உடைந்தன. முன்பகுதி உறையை வலுப்படுத்திய பிறகே அது குறைந்தது.

செலவைப் பார்த்தால் வி-1 மிக மலிவு, பொறியியலில் வி-2 பல படி மேல். ஆனால் 1943 ஆகஸ்டில் பீனமுண்டே மீது பிரிட்டன் நடத்திய குண்டுவீச்சுக்குப் பின் வி-2 உற்பத்தி மிட்டல்வெர்க் என்ற நிலத்தடித் தொழிற்சாலைக்குப் போனது. அங்கே வேலை வாங்கப்பட்ட டோரா என்ற நாஜி வதைமுகாமின் கைதிகள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள்.