சாக் பெயிண்டா, மில்க் பெயிண்டா?

பழைய மர அலமாரிக்குத் தேய்ந்த தோற்றம் தர இரண்டுமே உதவும். சாக் பெயிண்ட், சாக்பீஸ் போலப் பளபளப்பில்லாமல் காயும் பெயிண்ட்; 1990-இல் ஆனி ஸ்லோன் என்ற பெயிண்ட் கலைஞர் உருவாக்கியது. பழைய வார்னிஷ் மேலேயே பிடித்துக்கொள்ளும். காய்ந்ததும் விளிம்பு, கைப்பிடி ஓரம் என்று கை படும் இடங்களில் மட்டும் 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்தால் போதும். எங்கே மரம் தெரிய வேண்டும் என்பது நம் இஷ்டம்.

மில்க் பெயிண்ட் பால் புரதமும் சுண்ணாம்பும் கலந்த தூள். தண்ணீரில் கரைத்தால் சீக்கிரம் கெட்டுவிடும். வார்னிஷ் மேல் அடித்தால் தானாகவே செதில் செதிலாக உரியும், அதுவும் அதன் இஷ்டத்துக்கு! நிஜமான பழசு போலத் தெரிவது இதுதான். ஆனாலும் முதல்முறை செய்பவருக்கு என் ஓட்டு சாக் பெயிண்டுக்கே.

இரண்டுக்கும் மேலே மெழுகு போன்ற பாதுகாப்புப் பூச்சு தேவை. அடியில் பழைய எனாமல் இருந்தால் ஈயம் இருக்கலாம், சோதிக்காமல் தேய்க்காதீர்கள்.