பதினொன்றுக்குப் போய், பத்துக்குத் திரும்பி, மறுபடியும் பதினொன்று: ஒரு டிடிபி கடையின் நாலு வருட அனுபவம்

போன ஆயுத பூஜையன்று கடையில் இரண்டு கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்தோம். ஒன்று அந்த வாரம்தான் வாங்கியது, விண்டோஸ் 11. இன்னொன்று பதினான்கு வருடப் பழசு, விண்டோஸ் 10, அதிலும் 32 பிட் என்கிற பழைய ரகம். எங்களிடம் டைப் செய்யும் அக்கா பழையதற்கு மட்டும் கூடவே ஒரு பொட்டு வைத்தார். "இதுதானே தம்பி சோறு போட்டுச்சு" என்றார். அன்றிலிருந்து பதின்மூன்றாம் நாள், 2025 அக்டோபர் 14, விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த வழக்கமான அப்டேட் நின்றது.

திருவல்லிக்கேணியில் சின்ன டிடிபி கடை எங்களுடையது. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பில் புக், கும்பாபிஷேக நோட்டீஸ், அவ்வப்போது வக்கீல் நோட்டீஸ். ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் நிற்கும் நேரத்தில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "11 போட்டுடலாமா, இல்ல 10-லயே இருக்கலாமா?" 2022-ல் "போடாதீங்க" என்று சொன்னேன். 2024-ல் "லேப்டாப்புன்னா போடுங்க" என்றேன். இப்போது என்ன சொல்கிறேன் என்பதற்கு முதலில் நான் பட்ட கதையைச் சொல்லவேண்டும்.

முதல் சோதனை என் லேப்டாப்பில்தான். 2018-ல் வாங்கியது, எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம். விண்டோஸ் 11 வந்தது 2021 அக்டோபரில். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்கவேண்டும் என்று பட்டியல் போட்டார்கள். என்னுடையது வாசற்படியில் நின்று உள்ளே நுழைந்துவிட்டது. 2022 தொடக்கத்தில், தை மாதப் பத்திரிகை வேலை குவிந்து கிடக்கும்போது, வேறு வேலை இல்லாதவன் போல ஏற்றினேன்.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. சிக்கல் கீழே டாஸ்க்பாரில். எங்கள் தொழிலில் ஒரே நேரத்தில் ஏழெட்டு வேர்டு கோப்பு திறந்திருக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் வாடிக்கையாளர் பெயரையே வைப்போம். விண்டோஸ் 10-ல் அவை தனித்தனியாக, பெயர் தெரியும்படி, ரேஷன் கடை வரிசை மாதிரி நிற்கும். 11 வந்த புதிதில் அந்த வசதியை எடுத்துவிட்டிருந்தார்கள். எல்லாக் கோப்பும் ஒரே வேர்டு படத்துக்குள் மடங்கிக் கிடக்கும். அதன்மேல் சுட்டியை வைத்து, குட்டிக் குட்டிப் படங்களில் எது யாருடையது என்று கண்ணைச் சுருக்கித் தேடவேண்டும். ஆறாம் நாள் அவசரத்தில் தப்பான கோப்பைச் சொடுக்கி, பெரம்பூர்க்காரர் கிரகப்பிரவேசத்துக்கு மயிலாப்பூர் மண்டப முகவரியை ஒட்டிவிட்டேன். புரூஃப் பார்த்த அக்கா கண்டுபிடித்தார். இல்லாவிட்டால் 300 கார்டு வீண். அவசரப்பட்டது நான்தான், ஆனால் பெயர் கண்முன் நின்றிருந்தால் கை அங்கே போயிருக்காது.

எட்டாம் நாள் திரும்பினேன். இது பலருக்குத் தெரியாத விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 10-ன் மேலேயே 11-ஐ ஏற்றினால், பழையது முழுவதும் 'விண்டோஸ்.ஓல்டு' என்ற ஃபோல்டரில் பத்து நாள் பத்திரமாக இருக்கும். அதற்குள் செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி என்று போய் 'கோ பேக்' கொடுத்தால் போதும். எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கோப்புகள் அப்படியே இருந்தன. நடுவில் புதிதாக நிறுவிய மென்பொருள்கள் மட்டும் போய்விட்டன. பத்து நாள் போதாது என்று தோன்றினால், கெடு முடிவதற்குள் கமாண்ட் திரையில் 'டிஸ்ம்' என்ற கட்டளை மூலம் 60 நாள் வரை நீட்டிக்கலாம். டிஸ்க்கில் இடம் இல்லையே என்று கிளீன்-அப் போட்டு அந்த ஃபோல்டரை அழித்துவிட்டாலோ, டிஸ்க்கை ஃபார்மட் செய்து 11-ஐப் புதிதாகப் போட்டிருந்தாலோ, இந்தக் கதவு கிடையாது. கடையில் போய் "11 போட்டுக் குடுங்க" என்று சொன்னால் அவர்கள் பெரும்பாலும் செய்வது இரண்டாவதைத்தான்.

2023 இறுதியில் அந்த டாஸ்க்பார் வசதி, பெயர்களோடு தனித்தனியாக நிற்பது, ஒரு அப்டேட்டில் 11-க்குத் திரும்ப வந்தது. அடுத்த வருடம் லேப்டாப்பை மறுபடி ஏற்றினேன், இதுவரை இறக்கவில்லை. வேகம் கூடியதா என்று கேட்டால், இல்லை, குறையவும் இல்லை. என் லேப்டாப் நிஜமாக வேகமானது 2020-ல், ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்ட அன்றைக்கு. 4 ஜிபி ராம் போதும் என்று 11-ன் குறைந்தபட்சத் தகுதியில் எழுதியிருப்பதை நம்பி யாரும் எதையும் வாங்கவேண்டாம். ரைட் கிளிக் செய்தால் பாதி மெனுதான் வருகிறது, மீதிக்கு இன்னொரு சொடுக்கு என்பது இன்றைக்கும் எரிச்சல்தான். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்யப் பழகிவிட்டேன்.

சரி, லேப்டாப் கதை சுலபமானது. கடைக் கம்ப்யூட்டர்தான் கழுத்தறுத்தது.

அதில் பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரும், ஒரு பழைய தமிழ் எழுத்துரு மென்பொருளும் இருக்கின்றன. அந்த எழுத்துரு மென்பொருளோடு, பூட்டுக்குச் சாவி மாதிரி, ஒரு டாங்கிள் கொடுத்தார்கள். பிரின்டர் ஒயர் செருகும் அந்தப் பெரிய பேரலல் போர்ட்டில் செருகினால்தான் கீபோர்டு தமிழ் பேசும். விற்ற கம்பெனி எப்போதோ மூடியாகிவிட்டது. அதை நிறுவும் செட்டப் அதையும்விடப் பழைய 16 பிட் ரகம், டாங்கிளின் டிரைவர் 32 பிட். இப்போதைய 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல் ஓடாது, 32 பிட் டிரைவரும் ஏறாது. விண்டோஸ் 10 வரைக்கும் 32 பிட் பதிப்பு இருந்ததால் பிழைத்தோம். 11-ல் 32 பிட் என்பதே கிடையாது. இந்த ஒரு விரல் நீள டாங்கிளுக்காக, 8 ஜிபி ராம் போட்டும் மூணே சொச்சம் ஜிபியைத்தான் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் இத்தனை வருடம் வேலை செய்தோம். 32 பிட் விண்டோஸ் 10 நான்கு ஜிபிக்கு மேல் தொடாது.

புதுசு வாங்கப் போனபோது ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு தம்பியிடம் டாங்கிளைக் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது யூஎஸ்பி கன்வெர்ட்டர்ல ஓடும்ணா." 450 ரூபாய். ஓடவில்லை. யூஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றும் அந்த ஒயர்கள் பிரின்டருக்காகச் செய்தவை. டாங்கிள் போர்ட்டோடு நேரடியாகப் பேசும், அதற்கு நடுவில் ஆள் ஆகாது. உங்கள் டாங்கிள் யூஎஸ்பி ரகம் என்றால், 11-க்குள்ளேயே, கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓடும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு அதற்குள் பழைய 32 பிட் விண்டோஸை ஓட்டிப் பார்க்கலாம். எங்களுக்கு அந்த வழியும் அடைபட்டது.

ஆக, பழையதைத் தூக்கிப் போடவும் முடியவில்லை, அதிலேயே இருக்கவும் முடியவில்லை. கடைசியில் செய்தது இது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து நெட் ஒயரைப் பிடுங்கினேன். புது ஆர்டர் எதுவும் அதில் கிடையாது. பழைய கோப்பைத் திறந்து, பிடிஎஃப் ஆக்கி, அல்லது எழுத்தை மட்டும் எடுத்து வெளியே கொண்டுவருவதற்குத்தான் அது. பேஜ்மேக்கர் கோப்பை அதற்கு அடுத்து வந்த இன்டிசைனில் திறக்கலாமே என்பார்கள். இன்டிசைனின் சிஎஸ் 6 பதிப்பு வரைக்கும்தான் திறக்கும், அதற்குப் பிறகு வந்தவற்றில் அந்த வசதியே இல்லை.

புதுக் கம்ப்யூட்டரில் முதல் வாரம் அக்கா அழாத குறை. அவர் தமிழ் தட்டச்சு ஹையர் பாஸ், பழைய டைப்ரைட்டர் கீபோர்டில் இருபது வருடக் கை. விண்டோஸ் 11-லேயே தமிழ் 99, அஞ்சல் விசைப்பலகைகள் இருக்கின்றன. புதிதாகக் கற்கிறவர்கள் தமிழ் 99-ஐப் பிடித்துக்கொள்ளலாம். அக்காவிடம் போய் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ் தட்டச்சு மென்பொருளில் பழைய தட்டச்சு முறையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். விரல் அதே இடத்தில்தான் போகிறது. ஆனால் 'கொ'வில் காலை மட்டும் அழிக்க பேக்ஸ்பேஸ் தட்டினால் முன்னால் உள்ள கொம்பும் சேர்ந்து போய்விடுகிறது. பழைய எழுத்துருவில் கொம்பு ஒரு எழுத்து, 'க' ஒரு எழுத்து, கால் ஒரு எழுத்து. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடில் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறி. "நான் அழிக்கச் சொன்னது ஒண்ணு, இது அழிக்கிறது ரெண்டு" என்று அக்கா ஒரு வாரம் திரையோடு சண்டை போட்டார். இதில் 11-ஐக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. 10-லும் யூனிகோடு இப்படித்தான். ஆனால் எங்கள் கடைக்கு யூனிகோடும் 11-ம் ஒரே நாளில் வந்து இறங்கியதால் திட்டு முழுவதும் 11-க்கே போய்ச் சேர்ந்தது.

இன்னொன்று லதா. பழைய வேர்டு கோப்புகளில் பாதி லதா எழுத்துருவில் இருக்கும். புதிதாக நிறுவிய விண்டோஸில் லதாவும் விஜயாவும் தானாக இருப்பதில்லை. நிர்மலா யூஐ மட்டும் இருக்கும். ஒரு அறக்கட்டளைக்கு வருடாவருடம் அடிக்கும் ரசீதைத் திறந்தால் கடைசி வரி அடுத்த பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது. செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய் 'தமிழ் சப்ளிமென்டல் ஃபாண்ட்ஸ்' சேர்த்ததும் வரி வீட்டுக்கு வந்துவிட்டது. இதற்காக 10-க்குத் திரும்பிப் போனவர் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். 10-ஐப் புதிதாகப் போட்டாலும் இதே கதைதான் என்று அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

பழைய எழுத்தை யூனிகோடுக்கு மாற்றும் கன்வெர்ட்டர்களை நம்பலாம், கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. 'ஔவையார்' பல இடத்தில் 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாகப் பிரிந்து வருவார். கண்ணுக்குத் தெரியாது, தேடும்போது கிடைக்காது. க்ஷ, ஸ்ரீ இரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம், கோயில் நோட்டீஸில் அங்கேதான் அடி விழும்.

"7-க்கே போயிடலாமே, அதுதான் பெஸ்ட்" என்று சொல்கிறவர்களும் வருகிறார்கள். நானும் 7-ஐ நேசித்தவன்தான். ஆனால் அதற்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்தது, குரோம் அதில் 109-ம் பதிப்போடு நின்றுவிட்டது. எங்கள் மாதிரிக் கடையில் ஒரு நாளைக்கு இருபது பேர் பென் டிரைவோடு வருகிறார்கள். ஃபோல்டரையெல்லாம் ஷார்ட்கட் ஆக்கும் வைரஸை எந்த ஜெராக்ஸ் கடைக்காரரும் மறந்திருக்கமாட்டார். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வன்னாக்ரை பரவியபோது மாட்டியவை பெரும்பாலும் 7 கம்ப்யூட்டர்கள்தான். அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். அப்படி அடைக்கும் அப்டேட்டே வராத ஒன்றில் ஊரார் பென் டிரைவைச் செருக எனக்கு மனசு வரவில்லை. லினக்ஸ் மின்ட்டும் ஒரு மாதம் வைத்துப் பார்த்தேன். தமிழ் யூனிகோடு ஜம்மென்று வந்தது, டாங்கிளுக்கு அங்கேயும் இடமில்லை. வீட்டில் பிரவுசரும் கடிதமும் மட்டும்தான் என்றால் தாராளமாகப் போடலாம்.

11-ஐப் புதிதாகப் போடுகிறவர்கள் இரண்டு இடத்தில் மட்டும் நின்று படியுங்கள். 'பேக்கப்' என்று கேட்பதற்கெல்லாம் ஓகே தட்டிக்கொண்டே போனால் டெஸ்க்டாப் கோப்புகள் ஒன்டிரைவுக்குள் போய்விடும், இலவச இடம் 5 ஜிபிதான். அப்புறம், 11-ன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பல கம்ப்யூட்டர்களில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகி, அதாவது பூட்டப்பட்டு, விடும். அதன் ரெக்கவரி கீ அந்தக் கணக்கில் இருக்கும். யாரோ ஒருவர் மெயில் ஐடியில் கடைக்காரர் செட்டப் செய்து கொடுத்தால், ஒருநாள் நீல நிறத் திரை 48 இலக்கம் கேட்கும்போது யாரிடம் போய் நிற்பீர்கள்?

மிச்சம் இருப்பது மனைவியின் லேப்டாப். ஏழாம் தலைமுறை, 11-க்குத் தகுதி இல்லை, மற்றபடி ஒரு குறையும் இல்லை. மாலையில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பது அதில்தான். விண்டோஸ் 10-க்குக் கூடுதலாக ஒரு வருடம் பாதுகாப்பு அப்டேட் தருகிறார்கள்; செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒத்திசைத்தால் பணம் கட்டவேண்டியதில்லை. அதில் சேர்த்துவிட்டேன். 2026 அக்டோபர் 13 வரை ஓடும். கன்வெர்ட்டர் விற்ற அதே தம்பி "அந்தத் தகுதிச் சோதனையை பைபாஸ் பண்ணி 11 போட்டுக் குடுத்துர்றேண்ணா, ஒரு மணி நேர வேலை" என்கிறார். போட முடியும், அது எனக்கும் தெரியும். அப்படிப் போட்டால் அப்டேட் தொடர்ந்து வருமா என்று கேட்டேன். "வரும்ணா, வரலன்னா எடுத்துட்டு வாங்க" என்றார். கன்வெர்ட்டர் இன்னும் மேசை டிராயரில்தான் கிடக்கிறது.